பருத்தியும் பாடப் புத்தகமும்: கொங்குப் பிள்ளைகள் படிக்கக் கற்ற கதை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புதிதாகச் சேருபவர் முதல் நாளே ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்துவிட முடியாது. முதலில் கைமடி வேலைதான். டெய்லருக்குத் துணியை எடுத்துக் கொடுக்க வேண்டும், தைத்து விழுவதை எடுத்து அடுக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் மெஷின் சும்மா இருக்கும்போது வேஸ்ட் துணியை வைத்து ஓட்டிப் பழகுவார்கள். முதலில் தையல் கோணலாகப் போகும், நூல் அறுந்துபோகும். சில மாதம் கழித்துப் பார்த்தால், கண் ஒரு பக்கம் இருக்க, கை தானாகத் துணியைத் தள்ளிக்கொண்டிருக்கும். மெஷினின் பாகங்களுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவரை இந்த ஊரில் யாரும் டெய்லர் என்று சொல்வதில்லை. ஓட்டிப் பழகியவர்தான் டெய்லர்.

ஆனால் அதே ஊரில், 'அ' முதல் 'ஃ' வரை சொல்லத் தெரிந்த பிள்ளையைப் 'படிக்கத் தெரிந்த பிள்ளை' என்று சொல்லிவிடுகிறோம்! தையலுக்குப் பழக்கம் வேண்டும் என்று தெரிந்த நமக்கு, வாசிப்புக்கும் அதே பழக்கம் வேண்டும் என்பது ஏனோ மறந்துபோகிறது. பழக்கத்துக்கு வேண்டியது நேரம். கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு அந்த நேரம் எப்போது கிடைத்தது, எப்போது பறிபோனது என்று பார்த்தால் அதுவே ஒரு வரலாறு.

எழுத்து தெரிவது வேறு, வாசிப்பது வேறு

பேச்சை யாரும் குழந்தைக்குப் பாடம் நடத்திச் சொல்லித் தருவதில்லை. சுற்றியிருப்பவர்கள் பேசுவதைக் கேட்டே குழந்தை பேசிவிடுகிறது. வாசிப்பு அப்படி வராது. மனிதன் எழுதத் தொடங்கி சுமார் 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. வாசிப்பதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஓர் இடம் அமைவதற்கு இந்தக் காலம் போதாது. பிரான்சு நாட்டு அறிஞர் ஸ்டானிஸ்லாஸ் டெஹான் 2009ல் வெளியான தம் நூலில் இதை விளக்கியிருக்கிறார். முகங்களையும் பொருட்களையும் அடையாளம் காணப் பயன்படும் மூளைப் பகுதிக்கு அருகிலேயே எழுத்துக்கென்று ஒரு சிறு பகுதி பழகிக்கொள்கிறது. பழகப் பழகத்தான் அது உருவாகிறது. ஒவ்வொரு குழந்தையும் இதைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது.

தமிழ் எழுத்துகள் மொத்தம் 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இவற்றை 247 தனித்தனிப் படங்களாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, குறிகளைச் சேர்க்கும் முறை தெரிந்தால் போதும் என்று தோன்றும். பெரியவர்களுக்கு அது சரி. ஆறு வயதுக் குழந்தையின் இடத்தில் இருந்து பாருங்கள். 'கா' என்பதில் துணைக்கால் பின்னால் வருகிறது. 'கெ' என்பதில் கொம்பு முன்னால் வருகிறது, ஆனால் ஒலிக்கும்போது 'க்' முதலில் வருகிறது. 'கொ' என்றால் இரண்டு பக்கமும் குறி. உகர வரிசைக்கு வந்தால் கு, து, பு என்று வடிவம் ஒவ்வொன்றுக்கும் மாறுகிறது. இதோடு முடிந்ததா? 'கடல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே 'க' எழுத்துதான். ஆனால் மூன்று விதமாக ஒலிக்கிறது.

கன்னடம் படிக்கும் பிள்ளைகளிடம் சோனாலி நாக் செய்த ஆய்வு 2007ல் வெளியானது. இருபத்தாறு எழுத்து ஆங்கிலத்தைப் போல முதல் வகுப்பிலேயே எழுத்து முடிந்துவிடுவதில்லை, நம் இந்திய எழுத்து முறைகளில் எழுத்தறிவு முழுமையாக மேலும் சில ஆண்டுகள் பிடிக்கும் என்று அது காட்டியது. எழுத்து அமைப்பில் தமிழும் கன்னடமும் நெருங்கியவை. ஆகவே இரண்டாம் வகுப்புப் பிள்ளை திணறினால் அதை 'மக்கு' என்று சொல்வது அநியாயம்.

எழுத்தைக் கூட்டிப் படிக்கும் பிள்ளையின் கவனம் முழுவதும் எழுத்திலேயே செலவாகிவிடுகிறது. 'ப... ற... வை... பறவை' என்று ஒரு சொல்லை முடிப்பதற்குள் வரியின் தொடக்கம் மறந்துவிடும். பழக்கம் ஏற ஏற, எழுத்தை அடையாளம் காணும் வேலை தானாக நடக்கத் தொடங்குகிறது. அப்போதுதான் பொருளைக் கவனிக்க மனதுக்கு இடம் கிடைக்கிறது. லாபெர்ஜ், சாமுவேல்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1974ல் இதைத்தான் கூறினார்கள். சாமுவேல்ஸ் 1979ல் ஒரு எளிய வழியையும் சொன்னார். ஒரு சிறு பத்தியைத் தடுமாற்றம் இல்லாமல் வரும்வரை குழந்தை திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும், பிறகு அடுத்த பத்திக்குப் போக வேண்டும். கைமடிப் பிள்ளை வேஸ்ட் துணியில் தைத்துப் பழகுவதும் இதே வழிதான்.

மணலும் சட்டாம்பிள்ளையும்

திரும்பத் திரும்பப் பழகுவது தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. பழைய திண்ணைப் பள்ளிக்கூடம் அதன் மேல்தான் நின்றது. விஜயதசமியன்று பிள்ளையைச் சேர்ப்பார்கள். முதலில் மணலில் விரலால் எழுத வேண்டும். வாயால் எழுத்தைச் சொல்லிக்கொண்டே விரலால் அதன் வடிவத்தை எழுதுவதால் கண், காது, கை மூன்றும் ஒரே நேரத்தில் பழகின. அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி என்று படிப்பு வளரும். பிறகு ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். படித்ததைத் தினமும் ஒப்பிக்க வேண்டும். வாத்தியார் ஒருவரே எல்லாப் பிள்ளைகளையும் கவனிக்க முடியாது என்பதால், நன்றாகப் படிக்கும் மூத்த பிள்ளை 'சட்டாம்பிள்ளை' ஆகி இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான்.

இந்த முறை கடல் தாண்டிப் போனது பலருக்கும் தெரியாது. ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் 1789ல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் அனாதை இல்லத்தின் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை. உடனே ஜான் ஃபிரிஸ்கின் என்ற எட்டு வயதுச் சிறுவனைச் சிறு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வைத்தார். அது பலித்தது. 1797ல் லண்டனில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. ஆலைத் தொழில் வளர்ந்துகொண்டிருந்த நாட்டில், குறைந்த செலவில் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தது நம் மணலும் சட்டாம்பிள்ளையும்தான் எனலாம்.

மன்றோ எடுத்த கணக்கு

1822 ஜூன் மாதம் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரிடமும் பள்ளிக்கூடக் கணக்கு கேட்டார். அப்போது திருப்பூர் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. (திருப்பூர் தனி மாவட்டம் ஆனது 2009ல்தான்.) கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன், உதகமண்டலத்தை உருவாக்கிய அதே சல்லிவன், அனுப்பிய கணக்கில் 763 பள்ளிகளும் 8,206 மாணவர்களும் இருந்தார்கள். சென்னை மாகாணம் முழுவதற்கும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். இவர்களில் பெண் பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடம் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. பழமையைப் புகழ்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

அந்தக் கணக்கோடு வந்த பதில்களில் மிக முக்கியமானது பெல்லாரி ஆட்சியர் ஏ.டி. கேம்ப்பெல் 1823ல் அனுப்பியது. பெல்லாரி கொங்கு நாடு அல்ல, ஆனால் அதுவும் பருத்தி விளையும், நெசவு நடக்கும் பூமி. கேம்ப்பெல் இரண்டு செய்திகளைச் சொன்னார்.

ஒன்று, பிள்ளைகள் ஏராளமான செய்யுட்களை ஒப்பிக்கிறார்கள், ஆனால் பொருள் தெரியாமல் கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கிறார்கள் என்பது. செய்யுள் மொழி பேச்சு மொழியிலிருந்து வெகு தூரம் இருந்தது. இது பயிற்சி பற்றிய ஓர் எச்சரிக்கை. காதால் கேட்டு மனப்பாடம் செய்வது ஒரு பழக்கம், கண்ணால் எழுத்தைப் பார்த்து வாசிப்பது வேறு ஒரு பழக்கம். முதலாவது எவ்வளவு கூடினாலும் இரண்டாவது வந்துவிடாது. இன்றும் முதல் வகுப்புப் பிள்ளை பாடத்தைக் கடகடவென்று சொல்லும். நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து 'இது என்ன?' என்று கேட்டால் விழிக்கும். மூன்றாவது வரியிலிருந்து படிக்கச் சொன்னால், மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கும்.

இரண்டாவது செய்தி இன்னும் கனமானது. இங்கிலாந்துத் துணி வந்து இறங்கியதால் உள்ளூர் நெசவாளிகளின் வருமானம் விழுந்துவிட்டது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோரிடம் பணம் இல்லை, வேலை செய்யும் அளவுக்குக் கைகால் வளர்ந்த உடனேயே பிள்ளைகளின் உழைப்பு வீட்டுக்குத் தேவைப்படுகிறது என்று அவர் எழுதினார். ஒரு வெள்ளைக்கார அதிகாரியே இதை ஒப்புக்கொண்டார். பருத்தித் தொழில் விழுந்தது, பிள்ளையின் படிப்பு நேரம் போனது.

நேரம் திரும்பி வந்தது

அடுத்த நூறு ஆண்டில் திண்ணைப் பள்ளிகள் மெல்ல மறைந்தன. அரசு, மிஷன், உள்ளாட்சிப் பள்ளிகள் வந்தன. அச்சிட்ட புத்தகம் வந்தது. ஆனால் உயர்நிலைப் படிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. இதை மாற்றியவர்களில் ஒருவர் திருப்பூரில் 1903ல் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். 1930ல் கோவையில் ராமகிருஷ்ணா வித்யாலயத்தைத் தொடங்கினார். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பயிற்று மொழி ஆக்கினார். அவர் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதித் தமிழ்க் கலைக்களஞ்சியத்தையும், பிறகு பத்துத் தொகுதிக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் வெளியிட்டது. எழுத்துப் பழகிய பிள்ளைக்கு மேற்கொண்டு பழகப் புத்தகம் வேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள்.

1953ல் ராஜாஜி அரசு கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டு வந்தது. பள்ளி அரை நாள், மீதி நேரம் வீட்டுத் தொழில். 'குலக்கல்வித் திட்டம்' என்று அதைப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கடுமையாக எதிர்த்தார்கள். சாதித் தொழிலைப் பிள்ளை தலையில் கட்டும் ஏற்பாடு என்பதே முக்கியமான எதிர்ப்பு. வாசிப்பின் பக்கம் இருந்து பார்த்தாலும் அது நஷ்டம்தான். படித்த வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி பாதியானாலும் வீட்டில் புத்தகம் இருக்கும், சொல்லித்தர ஆள் இருக்கும். படிக்காத வீட்டுப் பிள்ளைக்கு எழுத்தைப் பார்க்கும் நேரமே பள்ளி நேரம்தான். அதில் பாதியை எடுத்தால் பழக்கத்தில் பாதி போயிற்று. காமராஜர் முதல்வரானதும் 1954 மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. சட்டமன்றத்தில் அதை அறிவித்த கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்.

1956ல் மதிய உணவு வந்தது. 1982ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். சோறு போட்டால் வாசிப்பு வந்துவிடுமா என்று சிலர் கேட்டார்கள். வராதுதான். ஆனால் மதியத்துக்கு மேலும் பிள்ளை வகுப்பில் இருந்தது. பழக்கத்துக்கு நேரம் கிடைத்தது.

எழுத்தும் கொஞ்சம் இளகிக் கொடுத்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற 13 எழுத்துகள் முன்பு மற்ற எழுத்துகளின் ஒழுங்கில் சேராமல் தனி வடிவத்தில் இருந்தன. 1935லேயே பெரியார் தம் 'குடி அரசு' இதழில் அவற்றை ஒழுங்காக்கி அச்சிட்டார். தமிழ்நாடு அரசு 1978ல் அதை ஏற்றுக்கொண்டது. பிள்ளைக்குப் பதின்மூன்று விதிவிலக்குகள் குறைந்தன.

பனியன் ஊரில்

1823ல் பருத்தித் தொழில் விழுந்து பிள்ளைகளின் படிப்பு போனது என்றால், 1980களில் பருத்தித் தொழில் எழுந்து அதே வேலையைச் செய்தது! திருப்பூர் பனியன் ஏற்றுமதி 1980களில் வேகமாக வளர்ந்தது. ஒரு பனியன் ஒரே கூரைக்குக் கீழ் உருவாவதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங், தையல், செக்கிங், அயனிங், பேக்கிங் என்று வேலை பிரிந்து, ஜாப் ஒர்க்காகச் சின்னச் சின்ன யூனிட்டுகளுக்கும் வீடுகளுக்கும் போகிறது. பிசிறு வெட்டுவதற்கும், பீஸ் அடுக்குவதற்கும், கைமடிக்கும் பெரிய திறமை தேவையில்லை. சின்னக் கையே போதும். சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நான்காவது, ஐந்தாவதோடு நின்று கம்பெனிக்குப் போனார்கள். அவசர ஆர்டர் என்றால் இரவும் வேலை.

அங்கேதான் ஒரு கொடுமை இருக்கிறது. நான்காம் வகுப்பு என்பது எழுத்துக் கூட்டும் நிலையிலிருந்து சரளமாக வாசிக்கும் நிலைக்குப் பிள்ளை மாறும் நேரம். சரியாக அந்த நேரத்தில் நிறுத்தினால், தெரிந்த எழுத்தும் சில ஆண்டுகளில் மங்கிவிடும். கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டு படிக்கத் தெரியும், சம்பளக் கணக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்க்க முடியாது. வார்டுக்கு வார்டு இப்படி எத்தனையோ பேர் இன்று நடுத்தர வயதில் இருக்கிறார்கள்.

சட்டங்களும் வந்தன. 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1988ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம். சிவகாசி தொடர்பான வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. வெளிநாட்டு வியாபாரிகளும் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். 2010 ஏப்ரலில் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2016 திருத்தம், வீட்டுத் தொழில் போன்ற சில விலக்குகள் தவிர, 14 வயதுக்குட்பட்ட யாரையும் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்றது. அந்த 'வீட்டுத் தொழில்' விலக்கு, பிசிறு வெட்டும் வீடுகள் நிறைந்த ஊரில் சாதாரண ஓட்டை அல்ல.

பிள்ளை பள்ளிக்கு வந்துவிட்டது. வாசிப்பு வந்ததா? 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13ல் எம்.பி. விஜயகுமார் தொடங்கிய செயல்வழிக் கற்றல் இதற்கு ஒரு பதில். பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படி போல அடுக்கி, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறும்படி செய்தார்கள். 2007ல் அது மாநிலம் முழுவதும் வந்தது. நாற்பது பிள்ளைகள் ஒன்றாகக் கத்துவதை விட, ஒரு பிள்ளை தனியாக ஓர் அட்டையை வாசிப்பது மேல் என்பதே இதன் உயிர். நிறையும் குறையும் இருந்தன. அட்டை இருந்தது, கேட்க ஆள் இல்லாத வகுப்புகளும் இருந்தன.

பழக்கம் விட்டுப்போனால்...

பயிற்சி முக்கியமா இல்லையா என்பதற்கு யாரும் விரும்பாத ஒரு சோதனை 2020ல் நடந்தது. மார்ச் மாதம் பள்ளிகள் மூடின. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரை வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ல். ஏறக்குறைய 19 மாதம்! வீட்டில் செல்போனும் புத்தகமும் இருந்த பிள்ளை எப்படியோ தொடர்ந்தது. மற்றவர்களுக்கு எழுத்தே மறந்தது. இந்தியக் கிராமப்புறங்களில் ஆண்டறிக்கை வெளியிடும் 'அசர்' கணக்குப்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடிய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018ல் நூற்றுக்கு 27.2, 2022ல் 20.5, 2024ல் 27.1. விட்டால் போகிறது, தொட்டால் திரும்புகிறது.

திரும்பி வந்தது எப்படி? 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம், தெருவிலேயே, தன்னார்வலர்களை வைத்து. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் கிராமப்புறத் தமிழகத்தில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது என்றும், அந்த மீட்சியில் சுமார் நான்கில் ஒரு பங்குக்கு இந்த மாலை வகுப்புகளே காரணம் என்றும் அவர்கள் கண்டார்கள். மாலையில் ஒரு மணி நேரம், பக்கத்து வீட்டு அக்கா, திரும்பத் திரும்ப வாசிப்பது. பார்க்கப்போனால் திண்ணையும் சட்டாம்பிள்ளையும் மறுபடி வந்ததுபோல இருக்கிறது. இந்த முறை பெண் பிள்ளைகளுக்கும் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் இருந்தது. 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று, பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்குகிறார்கள்.

இன்று திருப்பூரின் அரசுப் பள்ளிகளில் ஒடிசா, பீகார் பிள்ளைகளும் தமிழ் அரிச்சுவடி படிக்கிறார்கள். அவர்களுக்கு எழுத்து மட்டும் புதிது அல்ல, சொல்லே புதிது. 'பறவை' என்று கூட்டிப் படித்தாலும் அது என்ன என்று தெரியாது. அவர்களுக்கு முதலில் பேச்சு, பிறகுதான் எழுத்து. அதற்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். ஆர்டர் குறைந்தால் குடும்பம் ஊருக்குப் போய்விடும், பிள்ளையின் பழக்கமும் பாதியில் நிற்கும்.

பணம் பணத்தோடு சேரும் என்பார்கள். வாசிப்பும் அப்படித்தான். நன்றாக வாசிக்கும் பிள்ளை மேலும் வாசிக்கிறது, அதனால் மேலும் நன்றாக வாசிக்கிறது. திணறும் பிள்ளை புத்தகத்தைத் தவிர்க்கிறது, அதனால் மேலும் திணறுகிறது. இந்த இடைவெளியை உடைக்கப் பெரிய செலவு தேவையில்லை. தினமும் பத்து நிமிடம், பிள்ளைக்குப் பிடித்த ஒரு பக்கம், விரலை வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்க ஓர் ஆள். கேட்பவருக்குப் படிக்கத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. ஷிஃப்ட் முடிந்து வந்த அம்மா சோறு போட்டுக்கொண்டே 'அப்புறம் என்னாச்சு சாமி?' என்று கேட்டால் போதும். அடுத்த வரியை வாசித்தால்தான் பதில் சொல்ல முடியும்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். நல்ல டெய்லராக எத்தனை நாள் ஆகும் என்று இந்த ஊருக்குத் தெரியும், அதுவரை பொறுமையாகக் காத்திருக்கவும் தெரியும். அதே பொறுமையைப் புத்தகம் பிடித்த சின்னக் கைக்கும் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.